வெயிலில் நின்றுபோன வண்டி

பலாங்கொடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கோகிலாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள். உன் முதலாளியம்மா பக்கத்தில் நிற்கும்போது போனில் சொல்லி முடிகிற சேதி இல்லை இது. லீவு முடிந்து பக்கத்து வீட்டு சஜீதா குவைத்துக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இங்கே இரண்டு நாளாக மழை விட்டபாடில்லை. நம் லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார்கள், இனி ஒழுகாது. எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் பகல் வேலைதான்.

நம் ஷாமிளா வகுப்பில் கவனிப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் கழற்றிப்போடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் குறை சொன்னபோது நீ அழுதாயே, அந்தப் பிள்ளையைத்தான் நஸ்லின் மிஸ் டவுனில் நடத்தும் ரோபோ வகுப்புக்குத் தெரிவு செய்தார். எஞ்சினியருக்குப் படித்தவர் அவர். இவளுக்குப் பாடம் சீக்கிரம் விளங்கிவிடுகிறது, அந்தச் சலிப்பில்தான் கை சும்மா இருப்பதில்லை என்றார். மோட்டரையும் வண்டிச் சில்லையும் வயரையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்.

போன வாரம் இரத்தினபுரியில் போட்டி. தரையில் கிடக்கும் கறுப்புக் கோட்டைத் தானே பார்த்து ஓடுகிற சின்ன வண்டி ஒன்றை இவள் செய்திருந்தாள். வகுப்பில் அழகாக ஓடிய வண்டி, அங்கே ஜன்னலோரம் வந்ததும் நின்றுவிட்டது. உதவுவாரா என்று நான் மிஸ்ஸைப் பார்த்தேன். "நான் கை வெச்சா அது என்ட வண்டியாகிரும் அண்ணே. அவ பார்த்துக்குவா" என்றார்.

ஷாமிளா அழவில்லை. வண்டிக்கு மேலே குனிந்தாள், ஓடியது. நிமிர்ந்தாள், நின்றது. திரும்பவும் குனிந்து பார்த்தாள். பிறகு கறுப்பு அட்டையை வெட்டி, கோட்டைப் பார்க்கும் அதன் கண்ணுக்குக் கூரை மாதிரி ஒட்டினாள். கடைசி வரைக்கும் ஓடி முடித்தது.

யார் சொல்லித் தந்தது என்று நடுவர் சிங்களத்தில் கேட்டார். யாரும் இல்லை, என் நிழல் விழுந்தால் ஓடுகிறது, வெயிலில்தான் அதற்குக் கண் தெரியவில்லை என்று இவளும் சிங்களத்திலேயே சொன்னாள். நம் பிள்ளைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதலிடம் வேறு பிள்ளைக்குப் போனது. ஆனாலும் டிசம்பர் லீவில் கொழும்பில் நடக்கும் முகாமுக்கு இவளை எடுத்திருக்கிறார்கள். கடைசி நாளில் பெற்றோர் போய்ப் பார்க்கலாம். யார் யார் வருவார்கள் என்று மிஸ் கேட்டதற்கு, "அப்பா மட்டுந்தான் மிஸ்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்து கேட்கிறார்கள் என்றாய். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், உன் பாடு எனக்குத் தெரியும். போடுவதற்கு முன் ஒருதரம் வந்து இவளைப் பார்த்துவிட்டுப் போ, கோகிலா. முருகன் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சுதாகரன்