ஐம்பத்தைந்து நிமிடம்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமா? போன் என்றால் எடுக்காமல் விடுகிறாய். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் ஒட்டிவைத்துப் படிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இங்கே குளியலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாக நிறுத்திவிட்டேன். சித்தி நேற்று வந்து என் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதற்குப் பட்டினியே மேல் என்றாள். உன் பேச்சை எடுத்ததும் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் நான். தூக்கத்தில் கேட்டாலும் வண்டி நேரம் சொல்வேன். உன் ஊர் ஐந்நூற்றுப் பத்து கிலோமீட்டர், பஸ்ஸில் பதினோரு மணி நேரம். விமானத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் என்று நீ வேலைக்குப் போன அன்றே விசாரித்துக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்தேன். அதை நம்பித்தான் கெட்டேன்.

வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று அம்மாவைப் பார்த்த டாக்டர் அந்தத் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். அம்மாவும், "அவளக் கூப்பிடுங்க" என்றாள். "புது வேலை, லீவு கேட்டா மூஞ்சியச் சுளிப்பாங்க. ஒரு மணி நேரத்துல வந்துடுவா, பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டது நான்தான். புதன்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். பஸ் அரை மணிக்கு ஒன்று கிளம்புகிறதே, விமானமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஒரு நாளைக்கே ஒன்றுதான், அதுவும் பிற்பகல் இரண்டு மணிக்கு என்று நீ சொல்லித்தான் தெரிந்தது. எனக்குக் கீழே வேலை பார்த்தவன் இப்படிச் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

ரெண்டு நாள் ஏன் சொல்லல என்று அன்றைக்குச் சாயங்காலம் கேட்டாய். அதற்குப் பதில் இவ்வளவுதான் மகளே, வேறு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, மூன்று மாதமாக உன்னிடம் சொல்லாதது. அன்று காலை முழுக்க அம்மா கதவையே பார்த்துக்கொண்டு, எங்க வர்றா, எங்க வர்றா என்று கேட்டாள். நீ விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஏறிட்டா என்றேன். பாதி தூரம் வந்துட்டா என்றேன். இறங்கி டாக்ஸி பிடிச்சிட்டா என்றேன். பதினொன்றரை மணிக்கு, படியேறி வர்றா என்றேன். "என் தலைய ஒதுக்கி விடுங்க, இப்படிப் பாத்தா புள்ள பயந்துடும்" என்றாள். சீப்பு கிடைக்கவில்லை, கையாலேயே ஒதுக்கிவிட்டேன். அப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை நீ வந்துவிட்டாய். நீ வராமல் இருப்பது எனக்குத்தான். திட்டுவதற்காவது ஒரு தரம் வா. எதில் வருகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று எதுவும் கேட்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நூறு வருஷம் நன்றாக இரு.

கதவைத் தாழ்ப்பாள் போடாத,
உன் அப்பா