நீ காதுக்குள் சொன்ன பேர்

மச்சான்,

இன்று காலை மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்சில் எனக்கு ஒரு பொதி வந்தது. ஆரையம்பதிச் சந்தியில் கொண்டக்டர் அதைத் தூக்கி என் கையில் தரும்போது, "என்ன பட்டாளத்தார், கல்லா இதுக்குள்ள?" என்று கேட்டான். "இல்லடா, ஒரு கொலை," என்றேன். அவன் கையை விட்டுவிட்டான். நல்ல வேளை, என் கால் அதற்குக் கீழே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தேன். உள்ளே நம்முடைய புத்தகம், 'துடுப்பில்லாத் தோணி'. முதல் பிரதியை விரித்து மூக்கருகே பிடித்தேன். மை வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. அட்டை ஒட்டுவதற்குக் காய்ச்சிய பசையின் வாசம். காத்தான்குடியில் உன் தறிக் கொட்டிலில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட நாட்களில் இதே மணம்தான் மணக்கும். கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அட்டையில் என் பெயரைப் பார்த்து மார்தட்ட வேண்டிய நேரத்தில் உன்னை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். சிரிக்காதே.

உனக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் கொலைகாரன் யார் என்ற பதில். அதைக் கேட்காமலே நீ போய்விட்டாய். இந்த மடலின் முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் இருக்கிற இடத்திலிருந்தே என்னைத் திட்டுவாய். ஆகவே முறைப்படி வருகிறேன்.

முறைப்படி என்றால் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்றிருந்த சண்டைக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். கரைகாவலுக்கு ஆள் எடுத்தபோது நீயும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டில். அதற்குள் ஒரு தூரக்கண்ணாடி, ஒரு டெலிபோன், நாம் இரண்டு பேர். நீ கண்ணாடியில் பார்ப்பாய். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்பதால் நான் டெலிபோனில் சொல்லுவேன். நம்மைப் பழக்கிய வெள்ளைக்காரத் துரை நாள்தோறும் ஒரே பாடத்தைத்தான் ஓதினார்: "கம்பி எந்த நேரமும் அறுந்துபோகும். முக்கியமானதை முதலில் சொல்." என்ன, எங்கே, எத்தனை. மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பாடத்தில் நான் படு கெட்டிக்காரன். எனக்குக் கோப்பரல் பட்டி கிடைத்ததே அதனால்தான். நீ அதற்காக என்னை நக்கலடித்த நக்கல் கொஞ்சமா?

சண்டை முடிந்தது, பட்டாளம் கலைந்தது. நீ தறிக்குத் திரும்பினாய். நான் எதற்கும் திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த நாட்களில், இந்தியாவிலிருந்து கைமாறி வந்த துப்பறியும் நாவல்களை வாசித்து வாசித்து, இவர்களைவிட நான் நன்றாக எழுதுவேன் என்ற எண்ணம் என் தலைக்கேறியிருந்தது. இதை என் மனைவியின் தகப்பனாரிடம் சொன்னபோது, அவர் எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மருமகன், கவுண்மேந்துக் கச்சேரியில கிளாக் வேலை ஒண்டு இரிக்கி. பட்டாளத்தில நிண்ட ஆக்களுக்கு முதல் இடமாம். அத விட்டுப்போட்டுப் பொய்க்கதை எழுதப் போறீங்களா?"

"ஓம் மாமா."

"சித்திரை வருசத்துக்குள்ள ஒரு முடிவச் சொல்லுங்க. அதுக்கு மேல அவங்க அந்த இடத்த வெச்சிரிக்க மாட்டாங்க."

அப்போது தை மாதம். ஒரு பக்கமும் உருப்படியாக எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எனக்குப் பயமில்லை. என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிய வேண்டியது மற்றவர்களுக்குத்தான். அதனால் முதல் கதையை எழுதி எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

"எனக்கு மட்டும் வாசிச்சா, கூட்டாளி எண்டு நல்லாத்தான் சொல்லுவன்," என்றாய் நீ. "கொட்டிலுக்கு வா. வியாழன் பின்னேரம் எல்லாரும் வேலையில இரிப்பாங்க. தறி நிண்டா கதை நல்லம். நிக்கல்லெண்டா கச்சேரிக்குப் போ."

எந்தத் துரையும் எனக்கு இவ்வளவு தெளிவான கட்டளை தந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாசித்தேன்: "ஏறாவூர்ச் சந்தையில் புடவை வியாபாரியைக் கொன்றவன் அவருடைய கணக்கப்பிள்ளை. காரணம், பொறாமை." அதற்குப் பிறகு பத்துப் பக்கம். சடக் சடக்கென்று அத்தனை தறியும் ஓடிக்கொண்டே இருந்தன. கொட்டிலில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, கொன்றவன் ஆரெண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்க," என்றார். "இனி நான் என்னத்துக்குக் கேக்கிற?"

நீ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய். "மச்சான், நீ கதை எழுதல்ல. துரைக்கு டெலிபோன் பண்ணியிரிக்காய்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்ப நீ சொல்லு பாப்பம்," என்றேன். நீ கோபிக்கவில்லை. நூல் சுற்றிக்கொண்டே, யாரிடமோ ஊர்ப் புதினம் சொல்வது போலத் தொடங்கினாய்.

"மார்கழி. மழை மூட்டம். நாங்க ரெண்டு பேரும் கரையில. கண்ணாடியில பாக்கிறன், தூரத்தில கறுப்பா ஒண்டு மிதக்கிது. வள்ளமெண்டா பாய் இரிக்கும். இதில பாயும் இல்ல, ஒண்டும் இல்ல. ஆனா மேல ஒருத்தன் நிக்கான்."

ஒரு தறி நின்றது.

"இவன் டெலிபோன எடுத்து, நீர்மூழ்கி வந்திட்டு எண்டான். லொறி நிறைய ஆக்கள் வந்து இறங்கிறாங்க. பீரங்கிட உறையக் கழட்டிட்டாங்க. துரை என்னக் கேக்கார், ஆள் எப்பிடி எண்டு. நான் வடிவாப் பாத்துச் சொன்னன், 'தாடி இரிக்கி ஐயா.'"

இன்னும் இரண்டு தறி நின்றன.

"துரை கையத் தூக்கிட்டார். கைய இறக்கினா வெடி."

அந்த இடத்தில் நீ நூலைப் பல்லால் கடித்தாய். அடுத்த நூலைத் தேடினாய். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஆறுதலாகக் குடித்தாய். கொட்டிலில் ஒரு சத்தமும் இல்லை.

"மறுகா என்னடா நடந்த?" என்றார் ஆதம்பாவா காக்கா.

"மறுகா, தாடிக்காரன் எங்களப் பாத்து ஒரு சத்தம் போட்டான்."

"என்ன சத்தம்?"

"ம்மே எண்டு."

அன்று அந்தக் கொட்டில் சிரித்த சிரிப்பில் கூரை போயிருக்க வேண்டும். நடந்தது இவ்வளவுதான். வெள்ளம் ஏறி வயல் வட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்ததால், அன்று விடிய, நிலச்சொந்தக்காரரான போடிமார் ஆட்களோடு வந்து முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்த வேகத்தில் வேரோடு ஒரு மருதமரத்தையும், அதில் ஏறி நின்ற ஓர் ஆட்டையும் அள்ளிக்கொண்டு போனது. மழை வெள்ளம் கூடினால் முகத்துவாரம் வெட்டுவார்கள் என்பது இந்தப் பகுதியில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஜப்பான்காரனையே பார்த்துக்கொண்டிருந்த நம் இரண்டு பேருக்கு மட்டும் மறந்துபோனது. அன்று முடிவில் மேலிடத்துக்கு நான் அனுப்பிய அறிக்கை இன்னும் எனக்கு மனப்பாடம்: "மரம் ஒன்று. மேலே ஆடு. ஆபத்தில்லை." துரை அதைப் பாராட்டினார்.

அதே மரம், அதே ஆடு. என் அறிக்கைக்கு எந்தத் தறியும் நின்றிருக்காது. அந்த வியாழன் கொட்டிலிலிருந்து வாவிக் கரையோரம் நடந்து வீடு திரும்பும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மணிக்கணக்காகக் கடலைப் பார்த்துக் காத்துக் கிடந்தது நான்தானே. கண் காந்துவதும், ஒன்றும் வராமல் பொழுது போவதும் என்னைவிட யாருக்குத் தெரியும்? பட்டாளம் எனக்குத் தந்த சொத்து அதுதான். அதை விட்டுவிட்டு டெலிபோனில் சொன்ன மூன்று வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் கதையை அடுப்பில் போட்டேன். அதில்தான் மனைவி தேநீர் வைத்தாள். அன்றே புதிய கதையைத் தொடங்கினேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம், விடியற்காலையில், வாவியில் ஒரு தோணி தானாக மிதந்து கரை ஒதுங்குகிறது. உள்ளே ஒரு போடியாரின் பிணம். துடுப்பு இல்லை. செய்தவன் அவருடைய தம்பியா, தோணிக்காரனா, மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியா, கலியாணத் தரகரா? ஒவ்வொரு வியாழனும் ஓர் அதிகாரம். மாசி முடிவதற்குள் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. "உன்னால கொட்டில் நட்டத்தில ஓடுது," என்று நீ எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவாய். உன் முகத்தில் இருந்த பெருமையை என்னிடமிருந்து மறைக்க உனக்குத் தெரியாது. ஆதம்பாவா காக்காவின் தறி மட்டும் நிற்கவே இல்லை.

பங்குனியில் உன் இருமல் முற்றியது. கசநோய் என்றார் டொக்டர். வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு யன்னல் உண்டே, அதன் அருகே கட்டிலைப் போடச் சொன்னாய். நான் யன்னலில் சாய்ந்து நின்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி வாசித்தேன். கடைசிக்கு முந்திய அதிகாரம் முடிந்தபோது உனக்கு மூச்சு வாங்கியது. உன் கை என் கையில் இருந்தது. எலும்பு மட்டும்தான் இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"இன்னும் ஒரு அதிகாரம்தான் இரிக்கி," என்றேன். "இப்பவே சொல்லிர்றன் மச்சான். செய்தவன் ஆரெண்டா..."

"பறையாத." அந்த நிலையிலும் உனக்குக் கோபம் வந்தது. "சொல்லிப்போட்டா நான் வியாழன் வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கிற? நான் சொல்றன், நீ கேளு. கிட்ட வா."

குனிந்தேன். கொட்டிலில் யாருக்கும் கேட்காமல் என் காதுக்குள் ஒரு பேரைச் சொன்னாய்.

"ஓமெண்டும் சொல்லாத, இல்லெண்டும் சொல்லாத. உன்ட மூஞ்சக் காட்டாத. அங்கால திரும்பு."

திரும்பினேன். தறிகளைப் பார்த்தபடி உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நீ சிரித்து, இருமி, மறுபடி சிரித்தது கேட்டது.

வியாழன் வருவதற்கு முன் நீ மவுத்தாகிவிட்டாய். காத்தான்குடி மையவாடியில் மற்றவர்களோடு நானும் ஒரு பிடி மண் போட்டேன். திரும்பி வரும்போது துரை சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். கம்பி எந்த நேரமும் அறுந்துபோகும்; முக்கியமானதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கதையாம், மர்மமாம். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுக் கச்சேரியில் போய் உட்காருவோம் என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்த முடிவை மாற்றியது உன் மனைவி. துக்கம் காத்து இத்தாவில் இருந்தவர் வெளியே வரவில்லை. ஆதம்பாவா காக்காவிடம் சொல்லி அனுப்பினார். "கடைசியையும் வாசிக்கச் சொல்லுங்க. யன்னலத் துறந்து வெக்கிறன் எண்டு சொல்லுங்க."

போனேன். வாசித்தேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் உன் கட்டில் வெறுமையாக இருந்தது. அதற்கும் அப்பால், திரைக்குப் பின்னால், அவர் இருந்து கேட்டார். உன் தறியில் யாரும் கை வைத்திருக்கவில்லை. பாதி நெய்த சாரன் அப்படியே இருந்தது. துப்பறிகிறவர் எல்லோரையும் வாவிக் கரைக்குக் கூட்டிவரும் இடத்தில் ஆதம்பாவா காக்காவின் தறி நின்றது. பேரை வாசித்தபோது கொட்டில் முழுவதும் "ஆ" என்றது. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

"அவன் ஆரச் சொன்னவன்?" என்று கேட்டார் காக்கா. நான் சொல்லவில்லை.

சித்திரை வருசத்தன்று மாமாவிடம் கச்சேரிக்குப் போகமாட்டேன் என்றேன். அவர் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. இன்று அந்தப் பொதியிலிருந்து முதல் ஆளாக ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். பின் விறாந்தையில் சாய்வுக் கதிரையில் கிடக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சற்றுமுன் அங்கிருந்தே, "மருமகன், அந்த அப்போதிக்கரிதானே?" என்று குரல் கொடுத்தார்.

"வாசிங்க மாமா," என்றேன்.

நான் இப்போது இரண்டாவது கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதும் மனதில் இருக்கிறது. நன்றாகவே வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதும்போதெல்லாம் உன் கொட்டில் என் காதுக்குள் ஓடுகிறது. அது நிற்கும்வரை ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதுகிறேன். அங்கால திரும்பு என்று நீ சொன்னபோது திரும்பிய முதுகோடுதான் இன்னும் இந்த மேசைக்கு முன்னால் இருக்கிறேன்.

அன்று உனக்கு என் முகம் தெரியவில்லை. என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டும் இருந்தேன். அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன். மாமா இன்னும் பாதிதான் வாசித்திருக்கிறார், இந்த மேசைப் பக்கமும் அடிக்கடி வருவார். உனக்கு எழுதத் தேவையுமில்லை.

நீ சொன்ன ஆள்தான், மச்சான்.