கல்யானையை உயர நிறுத்துக

மழை பிழையாதிருக்க, குமுதையாறு கடல் சேரும் வரை நடக்க, அதன் இரு கரையும் குளிர்க. மலைமுகடு முதல் கழிமுகம் வரை குமுதை நாடாளும் எழிலார்குழலித் தேவி, மாடப்புரி நகரத்தலைவர் காரி நக்கனார்க்கும் அந்நகரத்துச் சாயச்சாலை வணிகர் எண்பதின்மர்க்கும் விடுக்கும் ஓலை. நகரத்து மக்கள் அனைவர்க்கும் எம் வாழ்த்து. வழக்கப்படி உமக்கும் ஒரு வாழ்த்தடி எழுதப்பட்டது. மனம் ஒப்பாமல் அதனைக் கீறச் செய்தோம். கீறிய தடத்தை ஓலையில் நீவிர் காணலாம்.

அணையின் படித்துறையை ஒட்டி எம் முன்னோர் ஒரு கல்யானையை நிறுத்திய காரணம் நீவிர் அறியாததன்று. ஆற்றுப்புனல் யானையின் முழங்காலுக்குக் கீழே இறங்கிய அன்றே சாயச்சாலை மதகை அடைத்து, எஞ்சியதை முழுவதும் கடைமடை ஊர்களுக்கு விடுக என்பது முறை. இக்கோடை முழுதும் யானையின் முழங்கால் நனைந்தே இருக்கிறதென்று எழுதி வந்தீர். யாமும் நம்பினோம்.

கடைமடையாகிய தாழையூரின் தலைவி சேந்தி அம்மையார், புதுப்புனல் வரும் நாளில் அந்த யானையின் நெற்றிக்கு மஞ்சள் பூசும் உரிமையுடையவர். பதினேழு ஆண்டுகள் நுனிக்காலில் நின்று, கையை எட்டிப் பூசியவர், இவ்வாண்டு தம் முகத்துக்கு நேரே பூசினார். இந்த வயதில் தாம் வளர்ந்திருக்க வழியில்லை என்று எம் அவையில் வந்து உரைத்தார். எம் ஆட்கள் மூழ்கிப் பார்த்தனர். பீடம் ஒன்றரை முழம் வெட்டப்பட்டிருந்தது.

பீடத்தைச் செப்பனிட்டதாக விடை அனுப்பினீர். அந்நாளில் மேளம் முழக்கி, தேங்காய் உடைத்து, ஊருக்குச் சோறும் இட்டீராம். திருட்டுக்கு ஒரு திருவிழா! எமக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆறு வராத தாழையூரில் கடல் ஏறிவிட்டது, கிணறுகள் கரிக்கின்றன, குழந்தைகள் குடித்த தண்ணீரைக் கக்குகின்றன. முப்பது குடும்பங்கள் போய்விட்டன. பத்து நாளில் புனல் வராவிடில் மிஞ்சியவரும் ஊரைவிட்டுப் புறப்படுவர் என்று சேந்தி அம்மையார் அழாமல் சொன்னார்.

எம் பிழையையும் மறைக்க மாட்டோம். இருபது சாயச்சாலைகள் எண்பதான போது அவையோர் முன் உம்மைப் புகழ்ந்தோம். அத்தனைக்கும் தண்ணீர் ஏது என்று ஒருநாளும் கேட்டோமில்லை. மாடப்புரியில் உள்ள எம் வேனில் மாளிகைக் குளமும் அதே மதகால் நிறைந்தது. அதில் நீராடிய எம்மையே யாம் வெறுக்கிறோம். அக்குளத்தின் வாய் இன்று காலை அடைக்கப்பட்டது.

நகரம் வளர்வது எமக்குப் பகையன்று; சாயத்தொட்டிகளால் நாலாயிரம் பேர் உண்கின்றனர். ஆயினும் ஆறு தருவதற்கு மேல் வளர்ந்த வளர்ச்சி அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கியது. ஆகவே நகரத்தின் குடிநீர் வாய்க்கால் என்றும் போல் ஓடுக. சாயச்சாலைகள் முறைவைத்து நடக்க. அலசிய தண்ணீரைத் தெளியவைத்து மீண்டும் அலசுக. அடைத்த நாட்களில் தொழிலாளர்க்குரிய சோற்றை முதலாளிகளே இடுக. புதுச்சாலை என்ற பேச்சே எழாதிருக்க.

எட்டு நாளுக்குள் யானை பழைய உயரத்தில் நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தல் ஆகாது. நீவிரும் எண்பதின்மரும் இடுப்பளவு நீரில் இறங்கி, உம் கைகளாலேயே தூக்குக. எண்பதாம் சாலை திறந்த மகிழ்வில் எமக்கு அனுப்பிய செம்பட்டைத் திருப்பி அனுப்பியுள்ளோம். கயிறு கல்லை அறுக்காதபடி அதனை அடியில் சுற்றிக்கொள்க. எமக்கு அது உடுக்கத் தகாதது.

இவ்வோலையில் இட்ட முத்திரையே சாயச்சாலை மதகின்மேலும் இடப்பட்டது. தாழையூர்ச் சேந்தி அம்மையார் மீண்டும் வந்து, நுனிக்காலில் நின்று, யானையின் நெற்றிக்கு எட்டி மஞ்சள் பூசிய பின்னரே அது உடைக்கப்படும். இது எம் ஆணை.