எட்டு வீட்டுப் பணம்

திங்கட்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகு வலி குறைந்ததா என்று தெரியப்படுத்துங்கள். இதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினால் ஏழு பேர் சிரிக்கிறார்கள், நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறீர்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை. உங்கள் அறையில் இருக்கும் பிளம்பரின் மைத்துனர் வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் உங்கள் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த அன்று அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்களாம். கட்டணத்துக்கும் விடுதிக்கும் உதவித்தொகை வந்துவிடும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். போன வாரம் உதவித்தொகை அலுவலகத்தில் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் வங்கிக் கணக்கின் ஒரு வருடத் தாளை விரித்து, மாதா மாதம் வந்து விழுந்திருக்கும் தொகையைப் பேனாவால் சுழித்துக் காட்டினார். "இவ்ளோ வருமானம் இருக்கிற வீட்டுக்கு எதுக்கும்மா உதவி?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் என் செருப்பை எட்டிப் பார்த்தார்கள்.

அது ஒரு வீட்டுப் பணம் இல்லை, எட்டு வீட்டுப் பணம் என்று சொன்னேன். கம்பி கட்டும் என் வீட்டுக்காரரும், அதே கட்டடத்தில் வேலை செய்யும் ஏழு பேரும், தனித்தனியாக அனுப்பினால் ஆளுக்கு ஒரு கட்டணம் போகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து என் கணக்குக்கு ஒரே தடவையில் அனுப்புகிறார்கள், நான் எடுத்துப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று விளக்கினேன். அந்த அம்மாள் என்னை நம்பாமல் இல்லை. ஆனால் தாளில் என் பெயர் மட்டும்தானே இருக்கிறது என்றார். பணத்துக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுபடி பார்க்கலாம், இருபதாம் தேதிதான் கடைசி நாள் என்றார்.

இந்த யோசனை யாருடையது? உங்களுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? என் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்று நீங்கள் அவர்களிடம் சொன்னது போனில் என் காதில் விழுந்தது. மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏடிஎம் மெஷினில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்பதால் மாதா மாதம் மூன்று நாள் பஸ் ஏறிப் போகிறேன். இரண்டு நாளில் ஒரு நாள் மெஷினில் பணம் இருக்காது. தையல் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்கு அரை அரை நாளாக மட்டம் போடுகிறேன். நீங்கள் எட்டுப் பேரும் மிச்சம் பிடித்த கட்டணத்தைக் கூட்டினால்கூட என் கூலி நஷ்டத்துக்கு ஈடாகாது. இதை யாராவது யோசித்தீர்களா?

பணத்தோடு போகிறதா? டைல்ஸ்காரரின் அம்மா என் கண் எதிரிலேயே இரண்டு தடவை எண்ணுகிறார், பிறகு நான் ஏதோ ஒளித்து வைத்திருப்பதுபோல என் முகத்தைப் பார்க்கிறார். பெயிண்டர் தன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் கொஞ்சம் எடுத்துத் தன் தங்கையிடம் கொடுக்கச் சொல்கிறார். அது தெரிந்து அவள் என் வாசலில் வந்து கத்துகிறாள். உங்கள் அறையில் நடக்க வேண்டிய சண்டையெல்லாம் என் சமையலறையில் நடக்கிறது.

பொய் சொல்ல மாட்டேன், முதல் வருடம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே எல்லோரும் உங்களை அண்ணன் என்கிறார்கள், இங்கே என்னை அண்ணி என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன்.

அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏழு வீட்டுக்கும் போனேன். வெல்டர் வீடு பூட்டியிருந்தது. மற்ற ஆறு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். பேப்பரை எடுத்ததும் ஆளாளுக்கு நழுவினார்கள். ஆனால் காரணத்தை என்னிடம் மறைக்கவில்லை. வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் அவர்களுக்கு அரசாங்க உதவி அட்டை வந்திருக்கிறது. மாதம் இவ்வளவு பணம் வாங்குகிறேன் என்று இப்போது கையெழுத்துப் போட்டால் அட்டை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பெயிண்டரின் பெண்டாட்டி வெளிப்படையாகவே சொன்னாள்: "உங்க பொண்ணு படிக்கணும்னு என் வீட்டு அடுப்பை அணைக்க முடியுமா அண்ணி?"

இந்த மாதப் பணம் சனிக்கிழமையே வந்துவிட்டது. நான் எடுக்கப் போகவில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் பணம் என்று இன்று காலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்குள் உங்கள் அறையில் போன்கள் அடிக்கும். உங்கள் பெண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வியாழக்கிழமை

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன். இருக்கட்டும், என் கோபம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் என்னைத் திட்டினீர்கள். பாவம், அறையில் அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்களாலும் வேறு விதமாகப் பேச முடியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் பாப்பாவின் மனு என்ன ஆயிற்று என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நேற்று வெல்டரின் பெண்டாட்டி வந்தாள். மூன்று மாதமாக, யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் அனுப்பும் பட்டியலில் வெல்டர் பெயர் இல்லை. இருந்தும் பணம் கொடுக்கும் நாளில் மற்றவர்களோடு அவளும் வருவாள், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். தனக்கும் பணம் வருகிறது என்று வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மாள் நினைக்கட்டும் என்றுதான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை நம் பங்கிலிருந்து கொஞ்சம் அவள் கையில் வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்றும் அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பேப்பரைக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் அனுப்புனப்போ உங்க கணக்குலதானே வந்துச்சு? அதைச் சொல்ல எனக்கு என்ன பயம்?" என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாங்க ஒன்றுமே இல்லாதவள் கையெழுத்துப் போடுகிறாள், நான் ஆறு வீட்டுப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறேன். உடனே கிளம்பிப் போய் ஒரு நாளைக்குக் கிடைக்கிற மட்டும் எடுத்தேன், இன்று காலையில் மறுபடியும் எடுத்தேன். நம் பங்கை அப்படியே கணக்கில் விட்டுவிட்டு, ஆறு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. டைல்ஸ்காரரின் அம்மா இந்தத் தடவை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

வெல்டர் இன்னும் உங்கள் அறையில்தான் இருக்கிறாரா, வேறு எங்காவது போய்விட்டாரா? உண்மையைச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து அவரவர் பணத்தை அவரவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதில் இனிப் பேச்சே இல்லை. ஆனால் அது பாப்பாவின் மனுவுக்கு உதவாது. இங்கே ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. இன்று மதியம் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். பணம் அனுப்பிய ஆண்கள் கையெழுத்துப் போட்டு, கட்டட மேனேஜரின் முத்திரையும் இருந்தால், பெண்ணின் அப்பா நேரில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார்கள். தபாலில் அனுப்பினால் ஏற்க மாட்டார்களாம்.

நீங்கள் மென்று முழுங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அவர்கள் உங்களிடம் உதவி கேட்டிருக்கிறார்கள், நீங்கள் அவர்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் அண்ணன் என்ற மரியாதை குறைந்துவிடுமோ என்று உங்களுக்கு இருக்கும். அவர்களும் தங்கள் வீட்டு அட்டையைச் சொல்லி மறுக்கலாம். மறுத்தால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும், அவ்வளவுதான்.

பாப்பா துணிக்கடையில் வேலை கேட்டு வைத்திருக்கிறாள். இருபத்தொன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை, உட்கார ஸ்டூல் கிடையாது. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைத் துணி அலமாரியில் அடியில் வைத்துவிட்டாள். நான் இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அப்பாவைத் திட்டி எழுதாதேம்மா. எனக்காக அவர் யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு தண்ணீர் பிடிக்கப் போனவள் குடம் நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நான் உங்களிடம் பணம் கேட்டிருக்கிறேன், நீங்கள் வர வேண்டும் என்று கேட்டதில்லை. வந்தால் கூலி போகும், பஸ் செலவு ஆகும் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இந்தத் தடவை சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் நம் பங்கு வராவிட்டாலும் சமாளித்துக்கொள்கிறேன். இருபதாம் தேதிக்குள் நீங்கள் வர வேண்டும்.

யாரிடமும் நிற்க வேண்டாம் என்று அவள் சொல்கிறாள். நான் சொல்கிறேன், போய் நில்லுங்கள். அவளுக்காக ஒரே ஒரு தடவை, ஆறு பேர் முன்னால்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பாப்பாவின் அம்மா