பதினாலாம் கட்டில்

பூவத்துங்கல் வீடு,
ஜூலை 9, 2004.

அன்புள்ள ஆன்சி மோளுக்கு,

கர்த்தருடைய காவல் உன் வீட்டின்மேல் எப்போதும் இருக்கட்டும். இங்கே நானும் அப்பச்சனும் உடம்பளவில் சுகம். டப்ளினில் ஜூலையிலும் குளிர்கிறது என்றாயே, நீயும் ஜோபியும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, அதை முதலில் எழுது. உடம்பளவில் என்று நான் எழுதியதைப் பார்த்ததுமே நெற்றியைச் சுருக்கியிருப்பாய். போனில் பேசினால் அப்பச்சன் பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார், நானும் பாதியில் விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். இங்கே மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்று மூன்று வாரமாகிறது, கிழக்குப் பக்கத்துப் பலா சாய்ந்து கோழிக்கூட்டின்மேல் விழுந்தது, கோழிகளுக்கு ஒன்றுமில்லை. பலாவையும் கோழியையும் எழுதி நாளைக் கடத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது. மோளே, உன்னைப் பெற்ற இந்த அம்மச்சியால் ஒரு பெண் சாகக் கிடக்கிறாள்.

போன சனிக்கிழமை காலையில் நடந்தது. பெண்கள் ஆபரேஷன் வார்டு, நீ படித்த காலத்தில் இருந்த அதே நாற்பத்திரண்டு கட்டில். நம் நர்சிங் பள்ளியில் என்னிடம் படிக்கும் மூன்றாம் வருஷத்துப் பிள்ளை ஷைபிக்குக் காலை ஊசி டியூட்டி. இடுக்கிக்காரி, அப்பன் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார், பேசினால் நாம்தான் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், ஆனால் அந்த வகுப்பிலேயே கைவேகம் அவளுக்குத்தான். பதினாலாம் கட்டில் மேற்கு ஜன்னலை ஒட்டியது. கதவு உடைந்து ஒரு வருஷமாகிறது, எழுதிக் கொடுத்தும் யாரும் சரிசெய்யவில்லை. அதில் மரியக்குட்டி என்று வயசான ஒரு அம்மா, சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். அன்றைக்கு விடியற்காலையில் சாரலடித்துப் போர்வையெல்லாம் நனைந்து அந்த அம்மா நடுங்கியிருக்கிறார். பதினைந்தில் இருந்தவள் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் தாங்குவேன் நீங்க இந்தப் பக்கம் வாங்கன்னு சொல்லித் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டாள். நம் ஊர் வார்டில் இதெல்லாம் யாரிடம் கேட்பார்கள், யாரிடம் சொல்வார்கள், பஸ்ஸில் இடம் கொடுக்கிற மாதிரிதானே. ஏழு மணிக்கு ஷைபி ஊசித்தட்டோடு வந்தாள். பதினாலுக்கான இன்சுலின் பதினாலில் படுத்திருந்தவளுக்குப் போயிற்று.

அந்தப் பெண் கேட்டிருக்கிறாள், மோளே. எனக்கு ஊசி முடிஞ்சுதுன்னு நேத்தே சொன்னாங்களே என்று கேட்டிருக்கிறாள். ஷைபி, டாக்டர் எழுதியிருக்காரு சேச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். டிரிப்பைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள், வயிற்றில் கஞ்சித்தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஆபரேஷன் ஆனவள் அசந்து தூங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பதே முக்காலுக்குப் போர்வையை விலக்கினபோது உடம்பெல்லாம் வேர்த்து, வாய் கோணி, வலிப்பு. குளுக்கோஸ் ஏற்றி உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆறு நாளாகக் கண் திறக்கவில்லை. மூளை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் எழுதியிருக்காரு சேச்சி. அந்த வார்த்தை யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கேள்விக்கு நின்று பதில் சொன்னால் தட்டு முடியாது என்று இருபத்தாறு வருஷமாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நர்ஸ் மேஜையிலேயே எல்லா மருந்தையும் சிரிஞ்சில் ஏற்றி, பிளாஸ்டர் துண்டில் கட்டில் நம்பரை எழுதி ஒட்டி, ஒரே தட்டில் வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிப்பது. பேர் கேட்காதே, நம்பரைப் பார். நான் வாசலில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வருஷக் கடைசியில் கைவேகத்துக்குப் பரிசு வேறு. உன் வருஷத்தில் முப்பத்தோரு நிமிஷத்தில் முடித்து நீ வாங்கினாய், மகளுக்கே கொடுத்துவிட்டேன் என்று பேசிவிடுவார்களோ என்று இரண்டு தடவை உன்னை ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சொன்னாய். அங்கே ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கான மருந்து மட்டும்தான் கையில் இருக்கும், பேரையும் பிறந்த தேதியையும் அவர்கள் வாயால் சொல்ல வைப்போம், மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப் பார்ப்போம், இன்சுலின் என்றால் இன்னொரு நர்சும் பார்க்க வேண்டும், நோயாளி சந்தேகம் கேட்டால் கை அங்கேயே நிற்க வேண்டும் என்றாய். நான் சிரித்தேன். ஆறு பேருக்கு ஒருத்தி இருக்கிற ஊரில் இந்தப் பவுசெல்லாம் நடக்கும், இங்கே நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு பிள்ளை என்றேன். அப்பச்சனும் சேர்ந்து சிரித்தார். நீ முகம் வாடிப்போய், கொண்டுவந்த பெயர்ப்பட்டைக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாய். நூறு பட்டை. அதை என்ன செய்தேன் தெரியுமா? என் அந்தூரியம் தொட்டிகளுக்குக் கட்டினேன். எந்தச் செடி எந்த ஜாதி என்று மாறிப்போகாமல் இருக்க, அறுபது தொட்டிக்கும் பேர் எழுதிக் கட்டினேன். ஆபரேஷனுக்குக் காத்திருந்ததையும் சேர்த்து அந்தப் பெண் ஒன்பது நாள் என் வார்டில் கிடந்தாள், தினமும் அவள் கட்டிலைத் தாண்டிப் போனேன், அவள் பேர் கார்த்தியாயனி என்று எனக்குச் சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் ஐ.சி.யு. வாசலில் கஞ்சி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண் திறந்ததும் பசிக்குமே என்று தினமும் புதுசாகக் காய்ச்சிக் கொண்டுவருகிறார். ஆபரேஷன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நேற்று என்னைப் பார்த்து எழுந்து நின்று, டீச்சர் தினமும் வந்து பாக்குறீங்க, பெரிய மனசு என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால்கூடத் தீராது. நாளைக் காலையில் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், கால் திரும்பிவிடக் கூடாது என்று எனக்காக ஜெபம் பண்ணு.

ஷைபியை ஹாஸ்டலில் அடைத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். சாப்பிடுவதில்லை. அறைப் பிள்ளைகள் முறைபோட்டுக் காவல் இருக்கிறார்கள், துப்பட்டாவையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்கள், எதற்கென்று புரியும் உனக்கு. நான் போனபோது அழவில்லை, என்மேல் பழி போடவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, "டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரிதானே செஞ்சேன்? எந்த இடத்துல தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

இருபத்தாறாம் தேதி வெளியிலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரியை நடத்தும் டைரக்டர் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் நீட்டினார். பெயர் கேட்டுச் சரிபார்க்கும் முறை இங்கே ஒழுங்காகக் கற்பிக்கப்படுகிறது, மாணவி அதை மீறினாள் என்று டைப் அடித்திருக்கிறது, கீழே என் பேர், கையெழுத்துக்கு இடம். கையெழுத்துப் போட்டால் அவளுடைய நர்சிங் அதோடு முடிந்தது, போலீஸ் கேசும் அவள் தலையில். தட்டு முறையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, "பிள்ளைமேல பாசத்துல டீச்சர் பேசுறாங்கன்னுதான் எடுத்துப்பாங்க. எழுத்துல எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். அதுதான் மோளே வினை. பாடப்புத்தகத்தில் சரியானதுதான் இருக்கிறது, பரீட்சையில் எல்லாப் பிள்ளையும் சரியாகத்தான் எழுதுகிறது. தப்பு முழுக்கக் கையிலிருந்து கைக்குப் போனது, ஒரு வரி எழுத்தில் இல்லை. கூட இருக்கும் டியூட்டர்கள் தட்டா, எந்தத் தட்டு என்கிறார்கள். என்னிடம் படித்து இங்கேயே வேலை பார்க்கிறவர்கள் என்னைக் கண்டால் வேறு வராந்தாவில் போகிறார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறதே.

அப்பச்சன், "ரிட்டயர் ஆக எட்டு மாசம். எட்டே மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு வந்துடு. உன் போட்டோவை ஹால்ல மாட்டப் போறாங்க" என்கிறார். அவரைத் திட்டி எழுதாதே, பயத்தில் பேசுகிறார், இரண்டு நாளாக அவருக்கும் சோறு இறங்கவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன், வேறு யாரிடம் கேட்பேன். இந்தப் பள்ளியில் படித்தபோது ஊசித்தட்டு எப்படி அடுக்கச் சொன்னார்கள், கட்டில் நம்பரை எப்படி ஒட்டச் சொன்னார்கள், நோயாளி கேட்டால் என்ன பதில் சொல்லச் சொன்னார்கள், முப்பத்தோரு நிமிஷத்துக்குப் பரிசு கொடுத்தது, எல்லாவற்றையும் வருஷம் போட்டு எழுது. சரியான முறை என்று தெரிந்து நீ சொன்னபோது அந்த டீச்சர் சிரித்ததையும் எழுது, அதை விட்டுவிடாதே. நீ இப்போது அங்கே செய்வதையும் வரிவரியாக எழுது, இனி வரும் பிள்ளைகளுக்காவது அது எழுத்தில் இருக்கட்டும். பெற்ற தாயைக் காட்டிக்கொடுப்பதா என்று குழம்பாதே. மகள் தாய்க்கு விரோதமாகப் பொய் எழுதமாட்டாள் என்று அந்த மூன்று பேரும் நம்புவார்கள், அதற்காகத்தான் உன்னைப் பிடித்துத் தொங்குகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கவே பத்து நாளாகும், அதனால் தபாலில் போடாதே, ஃபேக்ஸில் அனுப்பு. பஜாரில் குரியன் கடை நம்பர் பின்பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆபீஸ் நம்பருக்கு அனுப்பாதே, அங்கே வந்தால் என் கைக்கு வராது.

மீதியிருந்த நாற்பது பட்டையை எடுத்துக்கொண்டு புதன்கிழமை வார்டுக்குப் போனேன். ஒவ்வொருவரையும் பேர் சொல்லச் சொல்லி நானே எழுதிக் கட்டினேன். மரியக்குட்டி அம்மா, அந்தப் பொண்ணு எங்கே காணோம், கட்டிலைத் திருப்பிக் கொடுக்கணுமே என்று கேட்டார். முதல் பட்டையை ஐ.சி.யு.வில் கார்த்தியாயனிக்குத்தான் கட்டியிருந்தேன், கையில் சூடு இருந்தது. வார்டில் மூன்று பேருக்குப் பட்டை போதவில்லை, முடிந்தால் யார் கையிலாவது கொடுத்தனுப்பு.

குழந்தையை மழையில் கூட்டிக்கொண்டு போகாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். என்மேல் கோபமிருந்தால் அதையும் தனியாக எழுது, தாங்கிக்கொள்வேன். ஒன்றை மட்டும் மறக்காதே, விசாரணைக்கு எழுதும் காகிதத்தில் அம்மச்சி என்றோ என் தாய் என்றோ போடாதே. அங்கே நீ நோயாளியிடம் கேட்டு வாங்குகிற மாதிரி முழுப் பேரும் பிறந்த தேதியும் போடு, ஆள் மாறிப்போகக் கூடாது.

இப்படிக்கு,
ரோசக்குட்டி ஔசேப்பு, சீனியர் டியூட்டர்.
பிறந்த தேதி: 1949 மார்ச் 19.