தாய்மாமன் பெயரை விழுங்கும் பிறந்தநாள் வாழ்த்து

அனுப்புநர்:
ப. செல்வகுமார்,
சோழம்பேடு சாலை, திருமுல்லைவாயில்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையச் சேவை முறையீட்டுப் பிரிவு, சென்னை.

பொருள்: வழியில் வாழ்த்து செருகப்படுவதால் திருமண அழைப்பிதழின் கடைசி வரி காணாமற்போவது – தாய்மாமன் கோபம் – தடுத்துச் சான்று வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மகள் சிம்ரனுக்கு இம்மாதம் 28ஆம் தேதி திருமணம். அழைப்பிதழை அச்சடிக்காமல் இணையப் பக்கமாக அவளே தயாரித்து உறவினர்களுக்கு அனுப்பினாள். என் மனைவியின் தம்பி மேனாம்பேடு கோவிந்தன் பெயரை மற்ற உறவினர் பெயர்களோடு கூட்டத்தில் சேர்க்காமல், தாய்மாமன் என்று கடைசி வரியில் தனியாக, பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். மரியாதை கருதிச் செய்தது.

2. கோவிந்தன் வீட்டில் அந்த வரி தெரிவதில்லை. அவருக்கு இணைய இணைப்பு தரும் திரு. நடேசன், சந்தாதாரர்கள் திறக்கும் பக்கங்களின் தலைப்பில் தமது பிறந்தநாள் வாழ்த்தைத் தமது கணினி வழியே செருகி அனுப்புகிறார். முகவரியில் பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான பக்கங்களில் அவரால் கைவைக்க முடியாது. சிம்ரன் தயாரித்தது பூட்டில்லாதது.

3. தலையில் ஏற்றினால் வாலில் ஏன் வெட்டு விழுகிறது என்பதைச் சிம்ரன் கண்டறிந்தாள். என் தொழில் வழக்கில் சொல்கிறேன். லாரி புறப்படும்போது சீட்டில் நூறு மூட்டை. நடுவழியில் ஒருவர் பத்து மூட்டை ஏற்றுகிறார், சீட்டைத் திருத்தவில்லை. இறக்குபவர் நூறு எண்ணி நிறுத்திவிடுகிறார். கடைசிப் பத்து லாரியிலேயே போய்விடுகிறது. பக்கமும் தன் நீளத்தை முன்கூட்டியே சொல்லித்தான் புறப்படுகிறதாம்.

4. ஒருநாள் வாழ்த்து சற்றுக் குட்டையாக இருந்ததால் "தாய்மாமன் மேனாம்பேடு கோ" என்பது வரை தெரிந்தது. நிலைமை மோசமானது அன்றுதான்; பெயரை வேண்டுமென்றே பாதியில் வெட்டினோம் என்று எடுத்துக்கொண்டார்.

5. என் கைப்பேசியில் முழுப் பெயரையும் காட்டினேன். "இன்னா மாமா, என்னைப் பாத்ததும் பேரை ஏத்திக்கினு வந்து காட்றீங்களா? எங்க ஊட்டுல இல்லாத பேரு உங்க போன்ல மட்டும் எப்டி கீது?" என்றார். அவர் கைப்பேசியிலேயே வீட்டு வை-ஃபையை அணைத்துக் காட்டினோம். பெயர் வந்தது. "அணைச்சாத்தான் வர்ற மரியாத எனக்கு வேணாம்" என்றார். இனி அச்சடித்துக் கொடுத்தால் ஒப்புக்குச் சேர்த்ததாகிவிடும்.

6. திரு. நடேசனின் ஊழியர் யூசுப்பிடம் முறையிட்டேன். அவர் நல்லவர். "அண்ணாத்தே, பேருக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பட்டம் சேக்கச் சொல்லிக்கினு கீறாரு ஓனரு. நான் இன்னா பண்றது?" என்றார். ஒவ்வொரு பட்டத்துக்கும் என் உறவினர் பட்டியலில் ஒருவர் குறைவார். அடுத்தது என் சொந்த அண்ணன்.

7. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மணமேடை ஏறமாட்டேன் என்று சிம்ரன் உறுதியாக இருக்கிறாள். என் மனைவி கெங்கம்மாள் தன் தம்பியிடமும் பேசுவதில்லை, என்னிடமும் பேசுவதில்லை.

ஆகவே, வாழ்த்தை நிறுத்தவோ, நிறுத்த மனமில்லையேல் நீளக் கணக்கையாவது திருத்தவோ திரு. நடேசனுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். கோவிந்தன் பெயர் முதல் நாளிலிருந்தே அழைப்பிதழில் இருந்தது என ஒரு சான்றும் தேவை. அதைக் காகிதத்தில், ஆள் மூலம் மேனாம்பேட்டுக்கு அனுப்பியருள வேண்டும். இணையத்தில் வெளியிட்டால் அடியில் வரும் தங்கள் கையொப்பமும் முத்திரையும் அவர் வீட்டில் தெரியாது. சான்றையும் நானே தட்டச்சு செய்தேன் என்று சொல்லிவிடுவார்.

முகூர்த்தத்துக்கு முன் தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ப. செல்வகுமார்

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 18.08.2025