ஒரே ஸ்கேன், எல்லா கான்ட்ராஸ்ட்டும்

ஸ்வீடன்
12.2.1996

பிரியமுள்ள ஷபீக்கு,

டைட்டஸ் எழுதுகிறேன். இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. அங்கே உங்களுக்கு நோன்பு நேரம் வேறு. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி தில்ஷாத் சுடும் சமோசாவைப் பற்றி எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே.

நான் இங்கே என்னதான் கிழிக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். சொல்கிறேன், கேள். எம்.ஆர்.ஐ. மெஷினில் மூளையைப் பல விதமாகப் படம் எடுப்பார்கள். ஒன்றில் தலைக்குள் இருக்கும் நீர் கறுப்பாகத் தெரியும், இன்னொன்றில் அதே நீர் வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நோய் பிடிபடும். இந்த விதங்களுக்குத்தான் கான்ட்ராஸ்ட் என்று பெயர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுப்பதால் நோயாளி அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடந்து அவதிப்பட வேண்டியிருக்கிறது. நாங்கள் ஒரே தடவை ஸ்கேன் எடுத்து, மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன குணம் என்று அளந்துகொள்கிறோம். அப்புறம் கம்ப்யூட்டரில் வேண்டிய படத்தை வரவழைக்கலாம். ஒரே ஸ்கேன், எல்லா கான்ட்ராஸ்ட்டும். அதற்கு மேல் நோயாளியைத் தொடவே வேண்டாம், மிச்சம் எல்லாம் கணக்கு.

இப்போதாவது புரிந்ததா, மண்டூ? சத்துவாச்சாரிப் பக்கம் போனால் அம்மாவைப் பார்த்துவிட்டு வா.

உன் டைட்டஸ்

*

ஆம்பூர்
20.4.1996

தோஸ்த் டைட்டஸுக்கு ஷபீ அஹமதின் சலாம்.

உன் கடிதத்தை வழக்கம்போல் தில்ஷாத்தான் முதலில் பிரித்துப் படித்தாள். என் பெயருக்கு வந்தாலும் அவள் படித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வரும். நீ சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தோல் ஷாப்பில் தோலைப் பதனிட்டு நீலமாக எடுத்து அடுக்கி வைப்போமே, வெட் ப்ளூ, அதே கதைதான். ஆர்டர் வந்த பிறகு கறுப்போ பிரவுனோ ஏற்றிக்கொள்ளலாம், மறுபடி ஆட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாய டிரம் சூப்பர்வைசரை மண்டூ என்கிறாயே!

இங்கே ஒரு பேஜார் வந்து போனது. தில்ஷாத் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள் அல்லவா, வலது கண்ணில் ஊசி முனை மங்குகிறது என்றாள். கண் டாக்டர் சொல்லி வேலூரில் தலையை ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். முன்பு ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கியதிலிருந்து அவளுக்கு ஊசி என்றாலே உயிர் போகும். அன்று ஒரு ஊசியிலிருந்து அவளைத் தப்பிக்க வைத்தது உன் கடிதம்தான். நீ வரும்போது சொல்கிறேன், விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஷபீ

*

ஸ்வீடன்
9.5.1996

பிரியமுள்ள ஷபீ,

ஒன்றும் இல்லை என்ற வார்த்தையைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. என் கடிதம் ஊசியைத் தடுத்தது என்கிறாய், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. போகட்டும், நேரில் சொல். கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்.

டைட்டஸ்

*

ஆம்பூர்
3.2.1997

டைட்டஸுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதக் கை வரவில்லை.

கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ரிப்போர்ட்தான் சுத்தமாக இருக்கிறதே என்று நானும் தைரியமாக இருந்தேன். தீபாவளிக்குப் பிறகு அவளுக்கு இடது கண்ணும் மங்கியது. வேலூரில் பெரிய டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்தார். இந்தத் தடவை சாய மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்தார்கள். இரண்டு கண் நரம்பும் சேருகிற இடத்தில் கோலிக்குண்டு மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, அவ்வளவுதான்.

டாக்டர் பழைய ஸ்கேன் பேப்பரைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "கான்ட்ராஸ்ட் வேணாம்னு எழுதியிருக்குதே, யார் வேணாம்னது?" சாயம் ஏற்றாவிட்டால் இந்த மாதிரிக் கட்டி மூளையோடு மூளையாக மறைந்து நிற்குமாம். அப்போதே தெரிந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமாம்.

அன்று நடந்தது இதுதான். ஸ்கேன் எடுக்கிற பெண் வந்து கான்ட்ராஸ்ட் போட வேண்டும், ஒரு ஊசி, கையெழுத்துப் போடுங்கள் என்றாள். தில்ஷாத் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன்: "அதெல்லாம் வேணாம்மா. ஒரே ஸ்கேன்ல எல்லா கான்ட்ராஸ்ட்டும் கணக்குலயே வந்துடும். என் தோஸ்த் ஃபாரின்ல அதத்தான் பண்றான்." பெருமையாகச் சொன்னேன், டைட்டஸ். அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை.

நீ எழுதிய கான்ட்ராஸ்ட்டும் அவர்கள் கேட்ட கான்ட்ராஸ்ட்டும் ஒன்றுதானே? தில்ஷாத்தும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேறு எதுவும் வேண்டாம், இதை மட்டும் எழுது.

ஷபீ

*

ஸ்வீடன்
17.2.1997

ஷபீ,

இரண்டும் ஒன்றல்ல.

பெயர்தான் ஒன்று. நான் எழுதியது படத்தின் விதம். அவர்கள் கேட்டது உடம்புக்குள் ஏற்றும் சாயம். சாயத்தை ஏற்றினால்தான் அந்தக் கட்டி அதைக் குடித்து வெளுத்துத் தெரியும். ஏற்றாத சாயத்தை எந்தக் கணக்காலும் வரவழைக்க முடியாது. அதோடு, எங்கள் முறை இந்த ஆய்வுக்கூடத்தின் வாசலைக்கூட இன்னும் தாண்டவில்லை. இதையும் நான் உனக்கு எழுதவில்லை. உனக்குப் புரிய வேண்டும் என்று சுருக்கி எழுதினேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஊசி என்று நீ எழுதியபோதாவது என்ன ஊசி என்று நான் கேட்டிருக்க வேண்டும். போகட்டும் என்று எழுதினேனே, பாவி.

என் மேஜை மேல் ஒரே ஸ்கேனிலிருந்து வரவழைத்த படங்கள் பரப்பிக் கிடக்கின்றன. எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள். தங்கச்சிக்கு அதில் ஒன்றும் உதவாது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஷபீ. திட்டியாவது எழுது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

டைட்டஸ்

*

ஆம்பூர்
6.3.1997

தோஸ்த் டைட்டஸுக்கு,

உன் கடிதம் வந்தபோது தில்ஷாத்தான் வாசலில் வாங்கினாள். பழக்கத்தில் ஓரத்தைக் கிழித்துப் பிரித்தும்விட்டாள். அப்புறம்தான் நினைவு வந்து என்னிடம் நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து உன் கடிதத்தை அவளுக்கு முந்தி நான் படித்தது இதுதான் முதல் தடவை.

"இன்னா எழுதியிருக்காரு டைட்டஸ் பாய்? ஒண்ணுதானாமா?" என்றாள்.

"ஒண்ணுதானாம்" என்றேன்.

அவள், "எனக்குத் தெரியும். எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் நீங்க சொன்னீங்க. அந்த டாக்டர் சும்மா உங்க மேல பழி போடறாரு" என்று சொல்லி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். உன் மன்னிப்பை அவளிடம் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்பாளே.

நாளெல்லாம் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவன், அவளுக்குச் சாயம் வேண்டாம் என்று சொன்னேன். இதில் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் எழுதாதே. தபால்காரர் மணி அடித்தாலே "டைட்டஸ் பாய் கடிதமா, படிங்க" என்கிறாள். நீ எதை எழுதினாலும் நான் அவளுக்கு வேறொன்றைத்தான் படிக்க வேண்டியிருக்கும். ஒரு தடவை படித்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே பனி ஜாஸ்தி.

ஷபீ